அட்வான்ஸ் 60,000: கரண்ட் பில் பாக்கி என்று முழுசையும் பிடித்து வைக்கலாமா? சேலம்

மேல்மாடி_வாடகை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கன்னங்குறிச்சியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் மூன்று வருடம் குடியிருந்தோம். வேலை ஓசூருக்கு மாறியதால் போன மாதம் 14ஆம் தேதி காலி செய்து சாவியை ஓனர் கையில் கொடுத்துவிட்டேன். வாடகை 8,500, அட்வான்ஸ் 60,000. அதில் 40,000 ரொக்கமாகக் கொடுத்தது, 20,000 ஜிபே. பதினோரு மாத ஒப்பந்தம் ஒருமுறை எழுதினோம், அப்புறம் புதுப்பிக்கவே இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது இருபது நாள் ஆகிவிட்டது. ஒரு ரூபாய் வரவில்லை. போன் செய்தால், "கரண்ட் பில் பாக்கி வெச்சுட்டுப் போயிட்டீங்க, அதைப் பார்த்துட்டுத் தர்றேன்" என்கிறார். பாக்கி இருப்பது உண்மைதான், அதை மறைக்கப் போவதில்லை. கடைசியாக ரீடிங் எடுத்ததில் 540 யூனிட், சுமார் 2,380 ரூபாய். நான் வேண்டுமென்றே கட்டவில்லை. காரணம் இருக்கிறது.

கீழே தரையில் தொட்டி, மேலே மொட்டை மாடியில் டேங்க். மேட்டூர் தண்ணீர் வருகிற அன்று தொட்டி நிரம்பும், அதை மோட்டார் போட்டு மேலே ஏற்ற வேண்டும். டேங்க் தண்ணீர் கீழே ஓனர் வீட்டுக்கும் போகிறது, மேலே எங்களுக்கும் வருகிறது. ஆனால் மோட்டார் லைன் எங்கள் மீட்டரில் இருக்கிறது. இது எனக்கு இரண்டரை வருடம் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டு ஸ்விட்ச் எல்லாம் அணைத்துவிட்டு இறங்கி வருகிறேன், மீட்டரில் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. கீழே ஓனர் வீட்டு அக்கா மோட்டார் போட்டிருக்கிறார்கள். வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டதற்கு, "கட்டும்போதே அப்படித்தான் இழுத்தாங்க, எல்லாருமே அப்படித்தான் இருந்தாங்க" என்றார்கள். அதற்கப்புறம் வந்ததில் கடைசி பில்லைத்தான் நான் கட்டவில்லை.

இப்போது அவர் சொல்லும் கணக்கு: கரண்ட் பாக்கி, இன்னும் வராத அடுத்த பில், தண்ணீர் வரி, பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை. எல்லாம் கழித்தாலும் 45,000க்கு மேல் எனக்கு வர வேண்டும். ஆனால் "எல்லாம் முடியட்டும்" என்பதோடு பேச்சு நிற்கிறது. பில் பாக்கி என்று சொல்லி மொத்தத்தையும் பிடித்து வைக்கலாமா? பில்லை நான் முதலில் கட்ட வேண்டுமா, அல்லது அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதா?

---

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி எழுதியது:

முதல்ல பில்லைக் கட்டுங்க பாஸ். இன்னைக்கே. சர்வீஸ் நம்பர் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் போனிலேயே கட்டலாம், ஓனர் வரணும் என்று ஒன்றும் கிடையாது. ரசீதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 2,380 ரூபாயை வைத்து 60,000ஐ அவர் பூட்டி வைத்திருக்கிறார், அந்தப் பூட்டுக்குச் சாவியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

மோட்டார் சண்டையை அப்புறம் போடுங்கள். நானும் வாடகை வீடுதான், நாலு வீடு மாறியாச்சு. ஓனர்கள் பில்லுக்காக அட்வான்ஸைப் பிடிப்பதில்லை. அந்தக் காசு அவர் கையில் இல்லை, அதுதான் விஷயம். பெண் கல்யாணத்துக்கோ பட்டறைக்கோ எப்போதோ போயிருக்கும். அடுத்து வருகிறவர் அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். வீட்டு வாசலில் டூலெட் போர்டு தொங்குகிறதா என்று யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

மேல்மாடி_வாடகை எழுதியது:

போர்டு தொங்குகிறது. பக்கத்து மளிகைக்கடை அண்ணனிடம் கேட்டுவிட்டேன்.

---

ஓய்வு_லைன்மேன் எழுதியது:

தம்பி, மின்வாரியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கம்பத்தில் ஏறி இறங்கியவன் சொல்கிறேன், கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள்.

வீட்டு மோட்டார் பெரும்பாலும் ஒரு எச்.பி. தான். ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய மோட்டாராக இருந்தால் கொஞ்சம் கூடும். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் உங்கள் 540இல் 60ஐக் கழியுங்கள், 480. இங்கேதான் விஷயம் இருக்கிறது. நமக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் 101இலிருந்து 200 வரைக்கும் பாதி விலைதான். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தப் பாதி விலை போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். 480க்கு சுமார் 1,680 வரும். உங்களுக்கு வந்தது 2,380. ஆக, மோட்டாரால் உங்களுக்கு விழுந்தது 700 ரூபாய் போல. தண்ணீர் நீங்களும்தானே பிடித்தீர்கள்? பாதிப் பாதி என்றால் 350. இதற்குத்தான் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

இன்னொன்று. அந்த வீட்டுக்கு மீட்டர் யார் பெயரில் இருக்கிறது? ஓனர் பெயரில். வாரியத்துக்கு வாடகைக்காரர் யார் என்றே தெரியாது. பாக்கி விழுந்தால் அந்த சர்வீஸ் நம்பர் மேல்தான் விழும், ஆள் ஓசூர் போனாலும் டெல்லி போனாலும் அது சுவரோடு அங்கேயேதான் இருக்கும். ரீடிங் எடுத்து 20 நாளுக்குள் கட்டவில்லையென்றால் இணைப்பைத் துண்டிக்கலாம், அப்புறம் மறு இணைப்புக் கட்டணம் தனி. அந்தக் காசையும் உங்கள் தலையில்தான் கட்டுவார். அதனால் செவ்வாய்ப்பேட்டைத் தம்பி சொல்வது சரி, கட்டிவிடுங்கள்.

கட்டும் முன்னால் பில்லில் ஒரு இடத்தைப் பாருங்கள். கூடுதல் வைப்புத்தொகை என்று ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று. பயன்பாடு கூடினால் வாரியம் கேட்கிற டெபாசிட் அது. சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில் நிற்கிற பணம். அதை வாடகைக்காரர் கட்டினால் ஓனருக்கு இனாம் கொடுத்த மாதிரி. நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை, மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏதாவது சந்தேகம் இருந்தால் மின்னகம் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள்.

காலி செய்த அன்று மீட்டரைப் போட்டோ எடுத்தீர்களா?

---

மேல்மாடி_வாடகை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. 350 ரூபாய் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மூன்று வருடம் என்றால் பதினெட்டு பில் இல்லையா. அதையும் யோசியுங்கள். சரி, விடுங்கள்.

போட்டோ இருக்கிறது. லாரியில் சாமான் ஏற்றும்போது மனைவி எடுத்தாள். மீட்டர் எண் நன்றாகத் தெரிகிறது, ரீடிங்கும் தெரிகிறது. போன ரீடிங்கிலிருந்து 96 யூனிட் ஓடியிருக்கிறது. பில்லில் கூடுதல் வைப்புத்தொகை எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

---

அம்மாப்பேட்டை_அக்கா எழுதியது:

நான் ஓனர் பக்கம். எல்லோரும் சேர்ந்து ஓனரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு போர்ஷன். தறி ஓட்டிய கூடத்தை இடித்துவிட்டு வாடகைக்கு விடக் கட்டியது. ஒரு பையன் இருந்தான், நல்ல பையன், வாடகை தேதி தவறாது. கிளம்பும்போது, "அக்கா, பில் எல்லாம் கட்டியாச்சு" என்றான். நம்பி அட்வான்ஸ் முழுசையும் எண்ணிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வயர்மேன் வந்து மீட்டர் பெட்டியைத் திறக்கிறார். வெள்ளை அட்டை ரப்பர் பேண்டு போட்டு அப்படியே மீட்டருக்குப் பின்னால் சொருகி இருக்கிறது, அதில் இரண்டு ரீடிங் எழுதியிருக்கிறது, எதுவும் கட்டவில்லை. 6,000க்கு மேல். புதிதாக வந்தவர்கள் கைக்குழந்தையோடு பால் காய்ச்சி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நானே ஓடிப்போய்க் கட்டினேன். அந்தப் பையன் நம்பர் இன்றைக்கும் சுவிட்ச் ஆஃப்.

அன்றையிலிருந்து நானும் பிடித்துத்தான் வைக்கிறேன். ஆனால் முழுசையும் இல்லை. கடைசி மூன்று பில்லைப் பார்ப்பேன், எது அதிகமோ அதற்கு மேல் ஒரு ஐந்நூறு சேர்த்து நிறுத்திக்கொள்வேன். மீதியைச் சாவி வாங்கும் அன்றே அவர்கள் கணக்கில் போட்டுவிடுவேன். பில் வந்ததும் அவர்கள் காலி செய்த அன்றைய ரீடிங் வரைக்கும் எடுத்துக்கொண்டு பாக்கியை அனுப்பிவிடுவேன். இதில் யாருக்கும் கஷ்டம் இல்லை. உங்கள் ஓனர் பில் காரணம் சொல்வது நியாயம்தான், 60,000ஐயும் வைத்துக்கொண்டு சொல்வதில்தான் நியாயம் இல்லை.

பெயிண்ட் விஷயம்: நம் ஊரில் ஒரு மாத வாடகையைக் கழிப்பது பழக்கம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. எழுதவில்லையென்றால் பேசிப் பாருங்கள். சுவரில் நீங்கள் ஆணி அடித்தீர்களா, குழந்தை கிறுக்கியதா, அதைப் பொறுத்தது. தண்ணீர் வரியை இதுவரை யார் கட்டியது? மூன்று வருடமாக அவர்தான் கட்டினார் என்றால் இப்போது மட்டும் உங்களிடம் கேட்பது சரியில்லை.

அப்புறம் தம்பி, மோட்டார் லைன் மேல் மீட்டரில் இருந்தது தப்புதான். குடி வரும்போதே சொல்லியிருக்க வேண்டும். கீழே இருக்கிற அக்காவுக்கும் அது தெரிந்திருக்கும்.

---

ஏற்காடு_குளிர் எழுதியது:

மீட்டர் போட்டோ பற்றிப் பேசியதால் சொல்கிறேன். ஏற்காட்டில் இரண்டு வருடம் இருந்தேன், காப்பித் தோட்டத்துப் பக்கம், ஒரே சர்வீஸில் மூன்று வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓனர் வைத்த சப் மீட்டர். குளிருக்கு ஹீட்டர் ஓடுகிற ஊரில் சப் மீட்டர் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் வைத்ததுதான் விலை. முதல் 100 இலவசம் என்பது மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு முறைதான், அதுவும் ஓனர் கணக்கில் போய்விடும்.

காலி செய்த அன்று காலை ஏழு மணிக்கு நானும் பொறுப்பாகப் போட்டோ எடுத்தேன். கீழே சேலம் வந்து பார்த்தால் படம் முழுக்க வெள்ளை. மூடுபனி, போதாததற்கு மீட்டர் கண்ணாடிக்குள் வேறு ஈரம் கோத்திருந்திருக்கிறது. ஒரு எண் தெரியவில்லை. ஓனர் சொன்ன ரீடிங்தான் ரீடிங் என்று ஆகிவிட்டது, 1,900 கழித்தார். கொண்டை ஊசி வளைவு இருபதையும் மறுபடி ஏறிப் போய்ச் சண்டை போட முடியுமா? விட்டுவிட்டேன்.

உங்கள் மனைவிக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். லாரி கிளம்பும் அவசரத்தில் அதை எடுத்தார்களே.

---

அஸ்தம்பட்டி_குமாஸ்தா எழுதியது:

கோர்ட் பக்கம் வேலை செய்கிறவன், வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பழைய 1960 வாடகைச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் உங்கள் கேள்விக்கு நேர் பதில் இருக்கிறது. வாடகைக்காரர் தர வேண்டியது ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும். கழித்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது, முழுசையும் நிறுத்தி வைக்கலாம் என்று சொல்லவில்லை. அதே சமயம் ஒரு மாதம் என்று இருப்பதால் உங்களுக்கு இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கிறது, இப்போதே வக்கீல் நோட்டீஸ் அது இது என்று கிளம்ப வேண்டாம். டெபாசிட் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும், அதனால் உங்கள் 60,000ஐப் பற்றி அதை வைத்து வாதாட முடியாது.

இந்தச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் வாடகை அதிகாரி. நீங்கள் பதியவில்லை, காலாவதியான பதினோரு மாதப் பத்திரம்தான் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் நிலைமை இதுதான், வருத்தப்பட வேண்டாம், ஆனால் அந்த வழியில் போனால் முதல் கேள்வியே பதிவு எண் எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுப்பேன். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்கு வந்து கேட்டால் காட்டுவார்கள். வழக்கு போடுவதற்கு முன்னாலேயே இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றாலே முக்கால்வாசி ஓனர்கள் பணத்தோடு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் நடக்கவில்லையென்றால் பணம் கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்கு, அதற்கு மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் 45,000க்கு வாய்தா வாய்தாவாக ஓசூரிலிருந்து பஸ் ஏறி வருவீர்களா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ரொக்கமாகக் கொடுத்த 40,000க்கு என்ன சாட்சி? ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருக்கிறதா?

---

மேல்மாடி_வாடகை எழுதியது:

எழுதியிருக்கிறது சார். 60,000 பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையெழுத்தோடு இருக்கிறது.

---

அஸ்தம்பட்டி_குமாஸ்தா எழுதியது:

அப்போது கவலையே இல்லை. பத்திரம் காலாவதி ஆகியிருக்கலாம், அந்தக் கையெழுத்து பணம் வாங்கியதற்கு அத்தாட்சி. அதைப் பத்திரமாக வையுங்கள், ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஓனர் "குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்" என்பார். கொடுக்காதீர்கள்.

பேசப் போகும்போது வெறும் வாயோடு போகாமல் ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள். வாங்கியது இவ்வளவு, கழிப்பது இன்னின்ன, மீதி இவ்வளவு, இந்தத் தேதிக்குள் தருகிறேன். கீழே இரண்டு பேர் கையெழுத்து. அட்வான்ஸ் முழுசும் வந்தாயிற்று என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால், பணம் கணக்கில் ஏறுவதற்கு முன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

---

மேல்மாடி_வாடகை எழுதியது:

என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தனியாகக் கேட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரியே பில்லைக் கட்டி ரசீதை அனுப்பினேன். நீலக் கோடு இரண்டும் விழுந்தது, பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். தாளில் கணக்கு எழுதிக்கொண்டு போனதில் அவருக்கு முதலில் கோபம், "மூணு வருசம் இருந்துட்டு இப்படிப் பேப்பரோட வர்றீங்க" என்றார். ஓனர் வீட்டு அக்காதான் காப்பி கொடுத்துவிட்டு, "மோட்டார் விசயம் அவங்க சொல்றது சரிதானே" என்று மெதுவாகச் சொன்னார்கள். மோட்டாருக்கு நான் 350தான் கேட்டேன். லைன்மேன் ஐயா, உங்கள் கணக்கு அப்படியே தாளில் இருந்தது. பழைய பதினேழு பில்லைப் பற்றி வாயே திறக்கவில்லை, திறந்திருந்தால் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும்.

தண்ணீர் வரியை அவரே விட்டுவிட்டார். பெயிண்டுக்கு 8,500 கேட்டார், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை என்று காட்டினேன், ஹால் சுவரில் மகன் வரைந்திருந்த ரயிலை அவர் காட்டினார். 5,000க்கு முடிந்தது. வராத பில்லுக்கு அம்மாப்பேட்டை அக்கா சொன்ன முறைப்படி 3,000 நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். மோட்டார் 350ஐ அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனது. மீதி 52,000. அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான், புது ஆள் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் தருகிறார், அன்றைக்குப் போட்டுவிடுகிறேன் என்றார். செவ்வாய்ப்பேட்டை நண்பர் சொன்னது அப்படியே. தாளில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை 30,000 வந்தது. திங்கட்கிழமை 22,000. அந்த 3,000 மட்டும் நிற்கிறது, 19ஆம் தேதி ரீடிங் எடுக்க வருவார்களாம். புதிதாக வந்தவர்களிடம் மோட்டார் லைன் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு நாளாக விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. 3,000 வந்ததும் சொல்லலாம் என்கிறாள் மனைவி.